டீசல் வண்டி லாபமா? டோல்கேட்ல இருந்து ஒரு கணக்கு

போன வாரம் கார் லோன் வீடியோ போட்டதுல இருந்து எனக்கு வர்ற கேள்விகள்ல பாதி ஒரே மாதிரி இருக்கு. "மேடம், செகண்ட் ஹேண்ட் டீசல் எஸ்யூவி ஒண்ணு நல்ல விலைக்கு வருது, வாங்கலாமா?" இதுக்கு வீடியோவுல ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்ல முடியாது. அதனால எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும்.

எங்க வீட்டுக் கதையில இருந்தே ஆரம்பிக்கிறேன். என் சித்தி பையன் டோல்கேட்ல இருக்கான். ராஜாஜி சாலையில ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் ஆபீஸ்ல வேலை. கைக்கு வர்ற சம்பளம் 48,000. போன ஜூலையில, 2025-ல, ஒரு டீசல் காம்பாக்ட் எஸ்யூவி வாங்கினான். 2020 டிசம்பர் ரெஜிஸ்ட்ரேஷன், ஒரே ஓனர், ஓடினது வெறும் 31,000 கிலோமீட்டர். விலை எட்டரை லட்சம். கையில இருந்து ரெண்டரை லட்சம் போட்டான், மீதி ஆறு லட்சம் லோன். பழைய வண்டிங்கிறதால வட்டி 12.5 சதவீதம், அஞ்சு வருஷம். இஎம்ஐ 13,500.

டிசம்பர் மாசம் ஒரு நாள் காலையில போன். "அக்கா, எஸ்ஐபி-ய நிறுத்திட்டு அந்தப் பணத்தை எடுத்துடட்டா? சர்வீஸ்ல 1,40,000 எஸ்டிமேட் போட்டிருக்காங்க."

வண்டிக்கு ஆக்சிடென்ட் எதுவும் ஆகலை, தண்ணியில மாட்டலை. டேஷ்போர்டுல ஒரு ஆரஞ்சு லைட் மூணு வாரமா எரிஞ்சிருக்கு. இவன் கண்டுக்கலை. அன்னைக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல, காசிமேடு கிட்ட, வண்டி இழுக்கவே இல்லை. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் மாட்டு வண்டி வேகம். பின்னாடி கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையா ஹாரன் அடிக்குது.

அந்த ஆரஞ்சு லைட்டுக்குப் பேரு டிபிஎஃப். இன்னைக்கு டீசல் கார் வச்சிருக்கிற சம்பளக்காரங்க பர்ஸை அதிகமா பதம் பார்க்கிறது இதுதான்.

31,000 கிலோமீட்டர்ங்கிறது நல்ல விஷயமா?

2020 ஏப்ரல் 1-ல இருந்து நாடு முழுக்க பிஎஸ்6 விதி வந்தது. டீசல்ல இருக்கிற கந்தகம் 50 பிபிஎம்ல இருந்து 10 பிபிஎம்முக்கு இறங்கியாச்சு. நம்ம பக்கத்துல மணலி ரிஃபைனரியில இருந்து வர்ற டீசலும் அந்தத் தரம்தான். எரிபொருள் சுத்தமானது நல்லதுதான். அதோட சேர்ந்து வண்டியோட சைலன்ஸர் லைனுக்குள்ள ஒரு பில்டரும் வந்துச்சு. டீசல் எரியும்போது வர்ற கரியை வெளியே விடாம பிடிச்சு வைக்கிறதுதான் அதோட வேலை.

பிடிச்ச கரி எங்க போகும்? அதை உள்ளேயே எரிச்சு சாம்பலாக்கணும். அதுக்கு பில்டர் சுமார் 600 டிகிரி சூடாகணும். அந்தச் சூடு வரணும்னா வண்டி 60 கிலோமீட்டருக்கு மேல வேகத்துல, நிக்காம, ஒரு பதினஞ்சு இருபது நிமிஷம் ஓடணும். ரீஜெனரேஷன்னு சொல்றாங்க.

இப்ப டோல்கேட்ல இருந்து ராஜாஜி சாலைக்கு வாங்க. ஏழு கிலோமீட்டர் பக்கம். துறைமுகத்துக்குப் போற டிரெய்லர் வரிசை நின்னா அந்த ஏழு கிலோமீட்டருக்கு முக்கால் மணி நேரம் ஆகும். முதல் கியர், ரெண்டாவது கியர், மறுபடி நியூட்ரல். பில்டர் சூடாகத் தொடங்கும்போது ஆபீஸ் வந்துடும், இன்ஜினை ஆஃப் பண்ணிடுவோம். சாயங்காலமும் இதே கதை. கரி சேர்ந்துக்கிட்டே போகும், எரியவே எரியாது.

இதுல இன்னொரு கெடுதலும் இருக்கு. பில்டரைச் சூடாக்க இன்ஜினே கொஞ்சம் டீசலை எக்ஸ்ட்ராவா, லேட்டா அடிக்கும். பாதியில ஆஃப் பண்ணிட்டா எரியாத டீசல்ல கொஞ்சம் பிஸ்டன் ஓரமா வழிஞ்சு இன்ஜின் ஆயில்ல கலக்கும். ஆயில் லெவல் குறையுறதுக்குப் பதிலா ஏறும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்து "அட, ஆயில் ஃபுல்லா இருக்கே"ன்னு சந்தோஷப்படுவோம். உண்மையில அது தண்ணியாகிப் போன ஆயில். டர்போவும் பேரிங்கும் அதை நம்பித்தான் ஓடிக்கிட்டு இருக்கு.

இப்ப அந்த 31,000 கிலோமீட்டரைத் திரும்பப் பாருங்க. நாலரை வருஷத்துல 31,000-ன்னா மாசத்துக்கு 570 கிலோமீட்டர் பக்கம். அதாவது முதல் ஓனரும் வீட்டுக்கும் வேலைக்கும் குட்டிக் குட்டியா ஓட்டியிருக்கார். பெட்ரோல் வண்டியில "கம்மி கிலோமீட்டர்" ஒரு பிளஸ் பாயிண்ட். பிஎஸ்6 டீசல்ல அதே விஷயம் கேள்வி கேட்க வேண்டிய இடம். ஹைவேயில 80,000 ஓடின வண்டியை நான் இதைவிட நம்புவேன்.

டீசல்னா தனி மரியாதை

அவன் ஏன் டீசல் வாங்கினான்னு எனக்கு நல்லாத் தெரியும். சித்தப்பா முப்பது வருஷம் டிரெய்லர் ஓட்டினவர். "வண்டின்னா டீசல்டா"ன்னு சொல்லிச் சொல்லியே வளர்த்திருக்கார். அந்த ஏரியாவே அப்படித்தான். எண்ணூர்ல அசோக் லேலண்ட் 1948-ல அசோக் மோட்டார்ஸா ஆரம்பிச்சது. திருவொற்றியூர்ல புல்லட் செஞ்ச என்ஃபீல்டு கம்பெனி ஒரு காலத்துல டீசல் புல்லட்டே வித்தாங்க. டாரஸ்னு பேரு, 325 சிசி. சத்தம் தெருக்கோடி வரைக்கும் கேட்கும், மைலேஜோ அள்ளிக் கொடுக்கும். மாசு விதிகள் வந்ததும் அது போயிடுச்சு. ஒரு பக்கம் சென்னைத் துறைமுகம், இன்னொரு பக்கம் காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி. ஊரே டீசல்ல ஓடுது.

சித்தப்பா சொன்னது அவர் காலத்துக்குச் சரி. விலையைப் பாருங்க. 2012 மே மாசம் டெல்லியில பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய் பக்கம். லிட்டருக்கு 32 ரூபாய் வித்தியாசம்! அரசு விலையைப் பிடிச்சு வச்சிருந்தது. 2014 அக்டோபர்ல டீசல் விலைக் கட்டுப்பாட்டை எடுத்தாங்க. அதுக்கப்புறம் இடைவெளி சுருங்கிக்கிட்டே வந்து சென்னையில எட்டு, ஒன்பது ரூபாய்னு நிக்குது. மாருதி 2019 ஏப்ரல்லயே "2020 ஏப்ரல்ல இருந்து டீசல் கார் விக்க மாட்டோம்"னு அறிவிச்சாங்க. பிஎஸ்6-க்கு மாத்துற செலவைச் சின்ன டீசல் கார் விலையில ஏத்தினா வாங்க ஆள் இருக்காதுன்னு கணக்குப் போட்டாங்க. அந்தக் கணக்கை நாம போடலை.

லாரிக்கும் இதே பில்டர் இருக்கு, அது எப்படிச் சமாளிக்குதுன்னு சித்தப்பாகிட்டயே கேட்டேன். நிறைய பிஎஸ்6 லாரிகள்ல டேஷ்போர்டுலயே ஒரு ஸ்விட்ச் உண்டாம். லைட் வந்தா ஓரமா நிறுத்தி, ஸ்விட்சைப் போட்டு, கரியை எரிச்சிட்டுக் கிளம்புவாங்களாம். பெரும்பாலான கார்கள்ல அந்த ஸ்விட்ச் கிடையாது. அதோட, துறைமுக வரிசை தாண்டினா லாரி நேரா பெங்களூரு ஹைவேயைப் பிடிக்கும். நம்ம ஆள் நேரா வீட்டைத்தான் பிடிக்கிறான்.

லாரி ஓனருக்கு இன்னொரு வசதியும் இருக்கு, இது என் டிபார்ட்மென்ட். வாடகைக்கு ஓடுற லாரிக்கு வருமான வரியில 30 சதவீதம் தேய்மானம் கழிச்சுக்கலாம். டீசல், ரிப்பேர், லோன் வட்டி எல்லாமே செலவுக் கணக்கு. சம்பளம் வாங்குற நமக்கு சொந்தக் கார் லோன் வட்டியில ஒரு ரூபாய் கூடக் கழிக்க முடியாது. பழைய ரெஜிமோ புது ரெஜிமோ, ரெண்டுலயும் இல்லை. அந்த 13,500 வரி கட்டினதுக்கு அப்புறம் மிஞ்சின காசு.

அவன் கணக்கும், ஒரகடம் போறவர் கணக்கும்

அதே மாடல் பெட்ரோல் வண்டி அந்தச் சமயம் 90,000 கம்மியா கிடைச்சது. அந்த 90,000-ஐ லோன்ல வாங்கினா அஞ்சு வருஷத்துல வட்டியோட 1,21,500. இதை டீசல்ல மிச்சம் பிடிச்சு எடுக்கணும்.

பெட்ரோல் 101, டீசல் 92.50-ன்னு வச்சுக்கிறேன். உங்க பங்க் போர்டுல இருக்கிற விலையை நீங்க போட்டுக்குங்க. அந்த டிராபிக்ல பெட்ரோல் 12 கொடுக்கும், டீசல் 15 கொடுக்கும். கிலோமீட்டருக்கு 8.42 ரூபாய், 6.17 ரூபாய். மிச்சம் 2.25. அவன் ஓட்டுறது மாசம் 450 கிலோமீட்டர், வருஷத்துக்கு 5,400. மிச்சமாகுறது 12,150 ரூபாய்.

1,21,500-ஐ 12,150-ஆல வகுத்தா பத்து வருஷம். 2025-ல வாங்கினவன் 2035-ல சமமாவான். 2020 வண்டிக்கு 15 வருஷ ஆர்.சி முடியுறதும் 2035-லதான்! ஒரு ரூபாய் ரிப்பேர் வராம இருந்தாலே இந்த நிலைமை.

எனக்குத் தெரிஞ்ச இன்னொருத்தர், அவரும் திருவொற்றியூர்தான், ஒரகடத்துல ஒரு பேக்டரியில வேலை. கம்பெனி பஸ் நேரம் ஒத்து வரலைன்னு காரை எடுக்கிறார். மாசம் 2,200 கிலோமீட்டர், பாதிக்கு மேல ஹைவே. பெட்ரோல் 16, டீசல் 20-ன்னு போட்டா கிலோமீட்டருக்கு 1.69 மிச்சம், வருஷத்துக்கு 44,600. அதே 1,21,500 மூணு வருஷத்துக்குள்ள வந்துடும். டிபிஎஃப் லைட்டை அவர் இதுவரைக்கும் பார்த்ததே இல்லை. அவருக்கு நான் டீசல்தான் சொல்வேன்.

மாசம் 1,500 கிலோமீட்டருக்குக் கீழ, அதுவும் சிட்டிக்குள்ளன்னா டீசல் பக்கமே போகாதீங்க. இது என் கருத்து. கார் பிரியர்கள் சண்டைக்கு வருவாங்க, வரட்டும்.

மத்த பில்கள்

டிபிஎஃப் மட்டும் இல்லை. இன்ஜினுக்குள்ள டீசலைத் தெளிக்கிற இன்ஜெக்டர் 1,600, 2,000 பார் பிரஷர்ல வேலை செய்யுற சாமான். கொஞ்சம் தண்ணி கலந்த டீசல் போதும் அதைக் கெடுக்க. நான் பார்த்த எஸ்டிமேட்கள்ல ஒண்ணு 15,000-ல இருந்து 30,000 வரைக்கும் இருந்துச்சு, நாலு சிலிண்டர்னா நாலு. இதைத் தவிர்க்கிற டீசல் பில்டரோ சில ஆயிரம்தான். அதை மாத்துறதுல மிச்சம் பிடிக்காதீங்க. பெட்ரோல் மாத்திப் போட்டுட்டாங்கன்னா சாவியைத் திருப்பவே திருப்பாதீங்க. டேங்கைக் காலி பண்ற செலவோட போயிடும். ஸ்டார்ட் பண்ணிட்டா பம்ப், இன்ஜெக்டர்னு மொத்த லைனும் போகும்.

இஜிஆர் வால்வுன்னு ஒண்ணு, அதுவும் கரி அடைச்சா பிக்கப் போகும். கிளீன் பண்ணா பெரும்பாலும் சரியாகும். எடுத்ததும் மாத்தணும்னு சொன்னா "கிளீன் பண்ணிப் பார்த்தீங்களா?"ன்னு கேளுங்க. ஆட்புளூ ஊத்துற வண்டியா இருந்தா அது காலியாகுற வரைக்கும் விடாதீங்க. எச்சரிக்கை கொடுத்துக்கிட்டே வந்து, காலியானதும் ஆஃப் பண்ண வண்டி திரும்ப ஸ்டார்ட் ஆகாது. டிரெய்லர் வரிசையில கிளட்ச்சை அரை மிதியில வச்சே நகர்றவங்களுக்கு கிளட்ச் செட் சீக்கிரம் போகும். நிறைய டீசல் வண்டிகள்ல கூடவே ஃப்ளைவீலும் ஸ்பிரிங் வச்ச காஸ்ட்லி டைப். ரெண்டும் சேர்ந்தா ஒரு மாச சம்பளம் காலி.

அப்புறம் தண்ணி. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலை நம்ம பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டாங்க. எண்ணூர் பக்கம் வெள்ளத்தோட எண்ணெயும் கலந்து வீட்டுக்குள்ள வந்தது. தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணா, ஏர் இன்டேக் வழியா தண்ணி சிலிண்டருக்குள்ள போயிருந்துச்சுன்னா, பிஸ்டன் அதை அமுக்கப் பார்க்கும். காற்று அமுங்கும், தண்ணி அமுங்காது. டீசல் இன்ஜின்ல அமுக்கம் அதிகம், அதனால கனெக்டிங் ராடே வளைஞ்சிடும். சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியில வெள்ள சேதம் வரும். ஆனா தண்ணியில நிக்கிற வண்டியை நீங்க ஸ்டார்ட் பண்ணதால இன்ஜின் போச்சுன்னா "இது அடுத்து வந்த சேதம்"னு கிளெய்மைத் தட்டிவிடுவாங்க. இன்ஜின் புரொடெக்ட் ஆட்-ஆன் இருந்தாத்தான் பேச முடியும். வடசென்னையில இருக்கிறவங்க பிரீமியம் கம்மி பண்றேன்னு அதை எடுத்துடாதீங்க. தண்ணி வடிஞ்சதும் டோ பண்ணி எடுத்துட்டுப் போங்க. சாவி பாக்கெட்லயே இருக்கட்டும்.

டிபிஎஃப் அடைச்சதுக்கு இன்சூரன்ஸ் வராது, கேட்டுப் பார்க்கவும் வேண்டாம். அது தேய்மானம், இயந்திரக் கோளாறு பிரிவுல போயிடும். எக்ஸ்டென்டட் வாரண்டி இருந்தா விலக்குகள் பக்கத்தை ஒரு தடவை பொறுமையா படிங்க.

1,40,000 என்ன ஆச்சு

அவன்கிட்ட எமர்ஜென்சி ஃபண்டுன்னு இருந்தது 40,000. மீதி ஒரு லட்சத்துக்கு லோன் ஆப் ஒண்ணை டவுன்லோடே பண்ணி வச்சிருந்தான். எஸ்ஐபி-ல 96,000 சேர்ந்திருந்தது, மூணு வருஷ உழைப்பு. நான் ஒண்ணே ஒண்ணுதான் சொன்னேன். "வண்டியை அங்க இருந்து எடு, இன்னொரு ஆள்கிட்ட காட்டு."

சித்தப்பாவுக்குப் பழக்கமான ஒரு மெக்கானிக் தண்டையார்பேட்டையில இருக்கார். டிப்ஸ்டிக்கை எடுத்தார், மோந்து பார்த்தார், "டீசல் நாத்தம் அடிக்குது தம்பி"ன்னார். ஸ்கேனரை மாட்டி கரி எவ்வளவு சேர்ந்திருக்குன்னு பார்த்தார். எஸ்டிமேட்ல புது பில்டர்னு எழுதியிருந்தாங்க. இவர் முதல்ல ஸ்கேனர் மூலமா நிறுத்தி வச்சே கரியை எரிக்க வச்சார், இஜிஆரைக் கழட்டிக் கழுவினார், ஆயிலும் ஆயில் பில்டரும் மாத்தினார். 14,200 ரூபாய். எல்லா வண்டிக்கும் இப்படி முடியாது. கரி ரொம்ப இறுகிடுச்சுன்னா இல்லை சாம்பல் நிறைஞ்சிடுச்சுன்னா மாத்தித்தான் ஆகணும். இன்னும் ரெண்டு வாரம் ஓட்டியிருந்தா அதுதான் நடந்திருக்கும்னு அவரே சொன்னார்.

வேற ஒருத்தர் "பில்டரையே எடுத்துட்டு சாஃப்ட்வேரை மாத்திடலாம், 25,000"ன்னு ஆசை காட்டினார். அது மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவுப்படி அனுமதி இல்லாத மாற்றம். கிளெய்ம் வந்தா இன்சூரன்ஸ்காரனுக்கு அல்வா கொடுத்த மாதிரி. வேண்டாம்னுட்டேன்.

வித்துடலாமான்னும் பார்த்தோம். டீலர் கொடுக்கத் தயாரா இருந்தது 6,40,000. ஒரு காரணம், 2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி மாறிச்சு. நாலு மீட்டருக்குள்ள, 1,500 சிசிக்குள்ள இருக்கிற டீசல் காருக்கு செஸ்ஸோட சேர்த்து 31 சதவீதமா இருந்தது 18 ஆச்சு. புது வண்டி விலை பத்து சதவீதம் பக்கம் இறங்கினா பழைய வண்டியும் கூடவே இறங்கும். இவன் ரெண்டு மாசம் முன்னாடி வாங்கிட்டான். டீலர் லாபத்து மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி வேற இருக்கு, அதையும் நம்மகிட்டதான் அடிச்சுப் பேசுவாங்க. ஆறு இஎம்ஐ கட்டின பிறகு லோன் பாக்கி 5,55,000. முன்கூட்டியே முடிக்க அஞ்சு சதவீதம், 28,000 பக்கம். கைக்கு வர்றது 57,000. அவன் போட்டது ரெண்டரை லட்சமும் ஆறு மாச இஎம்ஐ 81,000-மும். அந்த நஷ்டத்தை இப்ப எடுக்க வேண்டாம்னு முடிவு பண்ணோம். லைட்டும் அணைஞ்சிருச்சு, வண்டியும் ஓடுது.

எஸ்ஐபி அப்படியே இருக்கு. அதுக்குப் பக்கத்துல மாசம் 2,500-க்கு ஒரு ஆர்.டி போட்டிருக்கான், பேரே "வண்டி ஆர்.டி". வாரண்டி முடிஞ்ச டீசல் வச்சிருக்கிற எல்லாருக்கும் இதைத்தான் சொல்றேன். இஎம்ஐ 13,500 இல்லை, 16,000-ன்னு நினைச்சு வாங்குங்க. 16,000 தாங்கலைன்னா 13,500-ம் தாங்காது.

வாங்குறதுக்கு முன்னாடி ஸ்கேனர் போட்டுப் பார்க்கிறதுக்கு சில நூறுல இருந்து ஓரிரு ஆயிரம் வரைதான் ஆகும். கரி எவ்வளவு, கடைசியா எப்ப எரிஞ்சது, இஞ்சின் கோளாறு கோடு எதையாவது நேத்துதான் அழிச்சாங்களா, எல்லாம் தெரியும். டிப்ஸ்டிக்கைப் பாருங்க, மேக்ஸ் கோட்டுக்கு மேல ஆயில் இருந்தா விலையைக் குறைங்க, இல்லைன்னா கிளம்புங்க. இன்சூரன்ஸை 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்துங்க. பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸ் வண்டியோட வராது, அது அவரோடது.

இப்ப அவன் ஆபீஸுக்கு மெட்ரோவுல போறான். டோல்கேட்ல ஏறினா ஹைகோர்ட்ல இறக்கம், 2021 பிப்ரவரியில இருந்து ஓடுது, வீட்டுல இருந்து நடக்கிற தூரம். வண்டி மாமியார் வீட்டுக்கு, திண்டிவனத்துக்கு மட்டும். அதுக்கு இடையில ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஞாயித்துக்கிழமை காலையில மாதவரம், செங்குன்றம் தாண்டி கும்மிடிப்பூண்டி வரைக்கும் 70-ல ஓட்டிட்டு வரணும்னு மெக்கானிக் சொல்லியிருக்கார், கரி எரிய. வழியில நல்லூர் டோல். "டோல்கேட்ல குடியிருந்துக்கிட்டு, கரி எரிக்க டோல் கட்டுறேன்க்கா"ன்னு போன ஞாயித்துக்கிழமை அங்க இருந்தே வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பியிருந்தான்.